ஐ = ஐ + 1

போன மாதம் பழைய நண்பர் ஒருவர் போனில் சொன்னார், "நம்ம கம்ப்யூட்டர் சார் போயிட்டார்." பெயர் சொல்லவில்லை. எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் சார் என்றால் அவர் ஒருத்தர்தான்.

1986. நான் கணக்கு விரிவுரையாளர், வயது 41. கல்லூரிக்கு நாலு பி.சி. வந்து இறங்கின. அந்த அறைக்கு மட்டும் ஏ.சி.; செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும், கோயில் மாதிரி. பாடம் நடத்த ஆள் போதவில்லை. கணக்கு வந்தால் கம்ப்யூட்டரும் வந்துவிடும் என்று என்னையும் தள்ளிவிட்டார்கள். ஏற்கெனவே படித்துவிட்டு வந்திருந்தவர் அவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர்.

முதல் நாள் சாயங்காலம் போர்டில் 'ஐ = ஐ + 1' என்று எழுதினார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. "ரெண்டு பக்கமும் ஐயை அடிச்சா பூஜ்யமும் ஒண்ணும் சமம்னு வருது. இது என்னய்யா கணக்கு?"

அவர் சிரிக்கவில்லை. தன் டிபன் டப்பாவை எடுத்து வைத்தார். "சார், இது சமன்பாடு இல்லை, ஒரு வேலை. டப்பா பேர் ஐ. உள்ளே மூணு கடலை மிட்டாய் இருக்கு. இன்னொண்ணு சேர்த்துத் திரும்ப உள்ளே வைக்கறோம். இப்ப ஐ நாலு."

மூன்று மாதம், தினமும் ஐந்திலிருந்து ஏழு மணி வரை. கதவைச் சாத்திக்கொண்டுதான். பையன்களுக்குத் தெரியக் கூடாது என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

பிறகு என் வகுப்புகளில் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். ஒருநாள் ஒரு பையன் எழுந்து, "சார், ஃபோர்ட்ரானில் ஒண்ணை ரெண்டால வகுத்தா பூஜ்யம்னு வருது, ஏன்?" என்றான். எனக்கு வியர்த்துவிட்டது. பின்னாலிருந்து குரல்: "எனக்கும் அதே சந்தேகம் சார். நாளைக்கு விளக்கமா சொல்லுங்களேன்." அன்று சாயங்காலம் சொல்லிக்கொடுத்தார்: இரண்டும் முழு எண் என்றால் பின்னத்தை அது வெட்டிவிடும், 1.0, 2.0 என்று புள்ளி வைத்து எழுதினால் அரை வரும். மறுநாள் நான் ஜம்மென்று நடத்தினேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்!

2003இல் எனக்குப் பணி நிறைவு விழா. ஏற்புரையில், நாற்பது வயதுக்கு மேல் யார் உதவியும் இல்லாமல் நானே கம்ப்யூட்டர் படித்துக்கொண்டேன் என்று பேசினேன். கைதட்டலில் வாய் அப்படி வந்துவிட்டது. முன்வரிசையில் அவரும் கைதட்டினார்.

அதன் பிறகும் என் பிறந்தநாள் தவறாமல் போன் வரும். "சார், ஐ = ஐ + 1" என்பார். சர்க்கரை, முழங்கால், பேரன் பேத்தி எல்லாம் பேசுவோம். அந்த விழாவைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அவர் மகளிடமாவது சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள், "நீங்கதானே அங்கிள்? அப்பா சொல்லிக்கிட்டே இருப்பார், உங்ககிட்டதான் கணக்கு கத்துக்கிட்டாராம்" என்றாள்.

நான் அவருக்கு ஒரு கணக்குகூடச் சொல்லிக்கொடுத்ததில்லை.