பவனா கரையில் ஒரு மழை இரவு



புனே நகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் உண்மையான மழையைக் கண்டதில்லை என்று நான் சொன்னால் சிலர் வருத்தப்படலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். புனேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். அங்கிருந்து மேற்கே 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லோனாவாலாவிலோ 4,000 மில்லிமீட்டருக்கும் மேல். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று சகியாத்திரி மலையின்மேல் ஏறும்போது குளிர்ந்து, தன் சுமையை முகட்டிலேயே இறக்கிவிடுகிறது. மிச்சமிருப்பதே நமக்கு வந்து சேருகிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் நாளில் திருநெல்வேலியில் வெயில் காய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த மழைக் கணக்கை நாங்கள் கையில் எடுத்ததற்குக் காரணம், தேஹு ரோட்டிலுள்ள எங்கள் சபையின் சகோதரர் ஒருவர். போசரியில் பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறவர். தொழிற்பேட்டைக்கு விடுமுறையான வியாழக்கிழமைகளில் மட்டும் உழைத்து, காரின் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் சிறு வீடு ஒன்றைத் தம் கைகளாலேயே கட்டி முடித்தார். எட்டு அடி நீளம், ஐந்து அடி அகலம். இரும்புச் சட்டம், அதன்மேல் பிளைவுட், அதன்மேல் அலுமினியத் தகடு. உள்ளே மூன்று பேர் படுக்கலாம். ஆர்.டி.ஓ. பதிவையும் முடித்த பிறகே சாலைக்குக் கொண்டுவந்தார். இப்படிப்பட்ட இழுவை வண்டிக்கும் பதிவு உண்டு என்பதையும், ஓடும்போது அதனுள் ஒருவரும் இருக்கலாகாது என்பதையும் பலர் அறியாததால் இங்கே குறிப்பிடுகிறேன்.

எதற்காக இவ்வளவு பாடு? அவருடைய தாயாருக்கு எழுபத்து நான்கு வயது. இளைப்பு நோய் உண்டு. திருமணமாகி வந்த நாள் முதல் தேஹு ரோட்டை விட்டு எங்கும் தங்கியதில்லை. தூரத்தில் தெரியும் அந்த மலைகளின் அடியில் ஒரு இரவு தங்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. விடுதிகளின் படிக்கட்டு அவர்களுக்கு ஆகாது. அங்குள்ள பூஞ்சை பிடித்த சுவரும் கம்பளியும் அதைவிட ஆகாது. ஈரமும் பூஞ்சையும் இளைப்பு நோயாளிக்கு என்ன செய்யும் என்பது அப்படிப்பட்டவர்களோடு இரவெல்லாம் விழித்திருந்த குடும்பங்களுக்குத் தெரியும். ஆகையால் வண்டி ஒழுகுமா ஒழுகாதா என்பது எங்களுக்கு வசதியைப் பற்றிய கேள்வியல்ல. ஒரு தாயின் மூச்சைப் பற்றிய கேள்வி.

மே மாதத்தில் முதல் பரிசோதனை. பட்டறையிலிருந்து ஒரு புளோவரை வாங்கி வந்து, ஜன்னல் ஒன்றில் அட்டை வைத்து அதன் வழியாக உள்ளே காற்றை ஊதினார். மற்ற ஜன்னல்களையும் கதவையும் இறுக மூடிவிட்டு, வெளியே இணைப்புகளின்மேல் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் பூசிக்கொண்டே வந்தோம். உள்ளிருக்கும் காற்று வெளியேறும் இடத்தில் குமிழி எழும்பும். சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திப் பஞ்சர் பார்க்கும் அதே முறைதான். ஜன்னல் மூலையொன்று, பின்கதவின் கீல், கூரையின் காற்றுப் போக்கி ஆகிய மூன்று இடங்களில் குமிழி வந்தது. மூன்றையும் சுரண்டிச் சுத்தம் செய்து மீண்டும் அடைத்தார்.

அடைப்பதிலும் ஒரு ஞானம் வேண்டும். எட்டு அடி அலுமினியத் தகடு, அதிகாலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலில் காய்ந்த கூரையின் சூட்டுக்கும் இடையே நாற்பது டிகிரி வேறுபாடு இருந்தால், ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். சாலையின் அதிர்ச்சி வேறு. கல்லைப்போல் இறுகிவிடும் எபாக்சி மக்கு இதைத் தாங்காமல் வெடித்துவிடும். இழுத்தால் நீளுகிற பாலியூரிதேன் பசையும், தகடுகளின் இடையில் ஒட்டும் பியூட்டைல் டேப்பும் ஏற்றவை. சிலிக்கான் பூசிய இடத்தில் பெயின்ட் பிடிக்காது. பழைய சிலிக்கான்மேல் புதிய சிலிக்கானும் சரியாகப் பிடிக்காது. முழுவதையும் சுரண்டி எடுத்தாக வேண்டும்.

நம் சகோதரர் வேதத்தை நன்றாக வாசிக்கிறவர். "பாஸ்டர், நோவா பேழைக்கு உள்ளேயும் பூசினார், வெளியேயும் பூசினாரே. நாமும் உள்பக்கம் பூசிவிடலாமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பேழைக்கு இரு பக்கமும் கீல் பூசப்பட்டது உண்மையே. ஆனால் வெளியே ஓட்டை இருக்க உள்ளே மட்டும் அடைத்தால், புகுந்த தண்ணீர் வெளியேற வழியின்றிப் பலகைக்குள்ளேயே தங்கும். ஐ.எஸ். 710 தரமுள்ள மரைன் பிளைவுட்டே ஆனாலும் நாளடைவில் ஓரங்கள் உளுத்துப்போகும். மேலே பார்வைக்குக் காய்ந்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் ரொட்டியைப்போல் உள்ளே இறங்கும். ஆகையால் உள்பக்கத்தைத் தொடவில்லை.

அடுத்தது தண்ணீர்ப் பரிசோதனை. மே மாதத்தில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் தெருவில் குழாயைத் திறந்துவிட்டு வண்டியைக் குளிப்பாட்டுவது சாட்சிக்கு அழகல்ல என்று சொன்னேன். துணி அலசிய தண்ணீரை இரண்டு டிரம்களில் சேர்த்து வைத்துச் சிறு மோட்டாரால் எடுத்தோம். கார் கழுவும் அழுத்தக் குழாயைப் பயன்படுத்தவில்லை. அந்த வேகம் நல்ல இணைப்பிலும் தண்ணீரைப் புகுத்திவிடும். மழை விழுகிறதுபோல மெதுவாக, கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு உயரத்திலும் ஐந்து நிமிடம் நின்று மேலே ஏற வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் தண்ணீர் எல்லா இணைப்பையும் நனைத்துவிடும். எந்த இடத்தில் புகுந்தது என்று ஒருக்காலும் தெரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடும் சாக்குக்கட்டியோடும் அமர்ந்து, ஈரம் தெரிந்த இடத்தில் கோடு போட வேண்டும். நான் அமர்ந்தேன். சாக்குக்கட்டிக்கு வேலையே இல்லை. முற்றிலும் காய்ந்திருந்தது.

"அம்மாவைக் கூட்டிட்டுப் போயிரலாமா பாஸ்டர்?" என்றார். "முதலில் நாம் இருவரும் ஒரு இரவு தங்கிப் பார்ப்போம் தம்பி" என்றேன்.

ஜூன் மாதக் கடைசியில் புறப்பட்டோம். பழைய நெடுஞ்சாலையில் தளேகாவ், வட்காவ் கடந்து, காம்ஷெத்தில் இடதுபுறம் திரும்பினால் பவனாநகர் செல்லும் பாதை. நெல் நாற்றங்கால்களும் ஈரமான எருமைகளும் மேகத்துக்குள் மறைந்து மறைந்து தெரியும் குன்றுகளுமாக அந்த வழி முழுவதும் கண்ணுக்கு விருந்து. பிம்ப்ரி-சிஞ்ச்வட் மக்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி பவனா அணையிலிருந்தே வருகிறது. தினமும் குழாயில் பிடிக்கும் தண்ணீரின் பிறப்பிடத்தை நம்மில் எத்தனை பேர் சென்று பார்த்திருக்கிறோம்? அணைக்குப் பின்னே விரிந்து கிடக்கும் ஏரியைச் சுற்றிலும் லோகட், திகோனா, துங் என்னும் கோட்டைகள். திகோனா பெயருக்கேற்ற முக்கோணம். அன்று நாங்கள் கண்டது அதன் அடிவாரத்தை மட்டுமே.

தண்ணீரின் ஓரத்தில் தங்கவில்லை. மேட்டிலிருந்த ஒரு விவசாயியின் நிலத்தில் அனுமதி கேட்டு நிறுத்தினோம். மழைக்காலத்தில் இப்பகுதியில் ஓடைகள் சில நிமிடங்களில் பெருகும். 2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவின் பூஷி அணைப் பகுதியிலுள்ள நீர்வீழ்ச்சியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டனர். மாவட்ட நிர்வாகம் சில இடங்களுக்குத் தடை விதிப்பதும் உண்டு. குடும்பமாகச் செல்கிறவர்கள் விசாரித்துச் செல்லுங்கள்.

இரவு எட்டு மணிக்கு மழை பிடித்தது. புனேயில் பெய்வது தூறல் என்று அப்போது விளங்கியது. ஜெபித்துப் படுத்தோம். அம்மாவுக்கென்று குறித்திருந்த பின்பக்கப் படுக்கையில் நான் படுத்திருந்தேன். நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் என் காதருகே ஒரு துளி விழுந்தது. சிறிது நேரத்தில் இன்னொன்று. டார்ச் அடித்துப் பார்த்தபோது தலையணை உள்ளங்கையளவு நனைந்திருந்தது. சகோதரர் எழுந்து உட்கார்ந்தார், ஒன்றும் பேசவில்லை. பதினான்கு மாத வியாழக்கிழமைகள் அவர் முகத்தில் தெரிந்தன. தலைக்கு நேர்மேலே கூரையில் இணைப்பும் இல்லை, திருகாணியும் இல்லை. பின் தண்ணீர் எங்கிருந்து வந்தது? துளியின் அடியில் ஒரு டம்ளரை வைத்துவிட்டு விடியுமட்டும் பேசிக்கொண்டிருந்தோம்.

விடிந்தபோது வேறொரு குழப்பம்: ஜன்னல் கண்ணாடிகளும் உட்சுவரின் இரும்பும் முழுவதும் வியர்த்திருந்தன. இது ஒழுக்கு அல்ல. தூங்குகிற ஒரு மனிதன் மூச்சிலும் தோலிலுமாக ஒரு இரவில் ஒரு டம்ளர் அளவு தண்ணீரைக் காற்றில் விடுகிறான்; அது குளிர்ந்த பரப்பில் பனியாகப் படிகிறது. ஒழுக்கானால் ஓரிடத்தில் தடம் விட்டு இறங்கும். வியர்வையானால் எங்கும் பரவி நிற்கும். மழைக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் அடைத்திருந்தோம். எதிரெதிரான இரண்டை விரலளவு திறந்து வைத்தாலே பெரும்பகுதி குறைந்துவிடும்.

வீடு திரும்பிய பின் சகோதரர் ஒரு காரியத்தைக் கவனித்தார். பட்டறையில் வண்டியின் மூக்கு சற்றுத் தாழ்ந்து நின்றது. ஏரிக்கரையிலோ மேட்டைப் பார்த்து மூக்கு உயர்ந்து நின்றது. ஜாக் வைத்து மூக்கை அதே அளவுக்கு உயர்த்தினார். கூரையின் உட்பலகையைக் கழற்றி, சட்டங்களின்மேல் முகப் பவுடரைத் தூவி, மறுபடியும் கீழிருந்து தண்ணீர் விட்டோம். முன்பக்கம் மேல்விளிம்பை எட்டிய நான்காம் நிமிடத்தில் பவுடரில் ஒரு கோடு விழுந்தது. முன்விளக்குக்கு ஒயர் நுழையும் துளை! அங்கே புகுந்த தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு சட்டத்துக்கு வந்து, ஆறு அடி பின்னோக்கி ஊர்ந்து, அம்மாவின் தலைமாட்டில் விழுந்திருக்கிறது. மூக்கு தாழ்ந்து நின்ற நாளில் அதே தண்ணீர் முன்புறமாகவே வழிந்து மறைந்துவிட்டது. அதோடு, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது எதிர்க்காற்று மழையை மேல்நோக்கியும் துளைக்குள் தள்ளும். நிற்கிற வண்டிக்குச் செய்யும் பரிசோதனை ஓடுகிற வண்டிக்குப் போதாது.

துளைக்கு ரப்பர் வளையம் போட்டு, வெளிப்பக்கம் பசை பூசினார். ஒயரைத் துளைக்குக் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலேற்றினார். வழிந்து வரும் துளி வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். நம் வீடுகளுக்குள் வரும் மின்கம்பியை வாசலில் வளைத்து விட்டிருப்பது இதற்காகத்தான். முன் தகட்டின் விளிம்பு பின் தகட்டின்மேல் படியும்படி கூரை இணைப்பையும் மாற்றினார்.

இந்த வேலை நடந்த வாரத்தில் யாத்திராகமம் 26-ஆம் அதிகாரத்தைச் சபையில் தியானித்தோம். வாசஸ்தலத்தின் உள்மூடுதிரை இருபத்தெட்டு முழம்; அதன்மேல் வரும் வெள்ளாட்டு மயிர்த் திரையோ முப்பது முழம். இரு பக்கமும் ஒவ்வொரு முழம் கூடுதலாகத் தொங்க வேண்டும் என்பது கட்டளை. அதற்குமேலும் இரண்டு தோல் மூடல்கள். வேதாகமக் கல்லூரியில் இந்த அளவுகளை மனப்பாடம் செய்திருந்தேன். எதற்காக அந்த ஒரு முழம் என்பதை, கூரை விளிம்பில் விரலால் பசை தடவிக்கொண்டிருந்த சகோதரர்தான் சபையாருக்கு எழுந்து விளக்கினார். அந்தத் திரைகளைச் சுமக்கக் கெர்சோன் புத்திரருக்கு இரண்டு வண்டிகள் கொடுக்கப்பட்டதை எண்ணாகமம் 7-இல் காணலாம். வண்டியில் ஏற்றி இறக்கி நாற்பது வருஷம் காத்த கூரை அது.

ஜூலையில் இருமுறை மழைக்குள் ஓட்டிப் பார்த்தோம். ஒருமுறை மூக்கை உயர்த்தி, ஒருமுறை தாழ்த்தி நிறுத்தினோம். பவுடரில் கோடு விழவில்லை. ஆகஸ்டில் அம்மாவும் மருமகளும் பேத்தியும் உள்ளே படுக்க, சகோதரர் பொலேரோவின் சீட்டிலேயே படுத்துக்கொண்டார். இரவு முழுவதும் மழை. காலையில் நான் போனில் விசாரித்தபோது அம்மாவே பேசினார்கள். "தலைகாணி காஞ்சுதான் கெடக்கு பாஸ்டரையா. இளைப்பும் வரல. ஆனா இவன் மேல என்னத்தையோ வச்சு அடைச்சிருக்கான், மழைச் சத்தமே கேக்கல. அது ஒண்ணுதான் கொறை."

பசைக்கும் ஆயுசு உண்டு. ஆகையால் வருகிற மே மாதத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். துணி அலசும் தண்ணீரைப் பிடிக்க இரண்டு டிரம்களை அண்டை வீட்டாரிடம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்.