உம்மம்மாவின் முழங்காலும் கரண்டும்

கரண்ட் அடித்தால் வலிக்கும் என்றுதான் நாம் பயப்படுகிறோம். முதலாம் நூற்றாண்டில் உரோம வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸோ, கால்வலிக்காரரைக் கடற்கரை ஈரத்தில் நிறுத்தி, உயிருள்ள மின்திருக்கை மீனை அவர் காலடியில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். என் உம்மம்மா அந்த மீனுக்குக் கிட்டவும் போயிருக்கமாட்டார்.

ஓப்பநாயக்கவிலிருந்து இரத்தினபுரிக்குப் பஸ் ஏறிப் போனோம். இயன்மருத்துவர் உம்மம்மாவின் முழங்காலைச் சுற்றி நான்கு ஒட்டிகளை ஒட்டி, சிறு பெட்டியொன்றை இயக்கினார். "எறும்பு ஊருற மாதிரி இருக்கு மகள்" என்று சிரித்தார் உம்மம்மா. இதற்கு டென்ஸ் என்று பெயர். மெல்லிய மின்துடிப்பு தொடுகை நரம்புகளைத் தூண்ட, வலிச் செய்தி முண்ணாணிலேயே மட்டுப்படுகிறது. 1965இல் மெல்சாக், வோல் இருவரும் வெளியிட்ட வாயிற் கொள்கை தரும் விளக்கம் இது. இடித்துக்கொண்ட இடத்தை நாம் தேய்த்துவிடுவதும் இதனால்தான்.

திரும்பி வருகையில், பெல்மதுளை தாண்டும்போதே வலி வந்துவிட்டது. உம்மம்மாவுக்கு மெஷின்தான் மருந்து. சொல்லிக்கொடுத்த பயிற்சி வீண்வேலை. எனக்கு அதுதான் கவலை. வலிக்குப் பயந்து அசையாதிருந்தால் தொடைத்தசை மெலியும், மூட்டுக்குச் சுமை கூடும். தசையையே சுருங்கவைக்கும் வேறொரு மின்தூண்டலும் இருக்கிறது. அதுவும் பயிற்சிக்குத் துணைதான்.

இப்போது சொந்தமாகப் பெட்டி வேண்டுமாம். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இது ஆகாது. உம்மம்மாவுக்கு அது இல்லை. இருந்தாலும் டொக்டரிடம் கேட்டுத்தான் வாங்குவோம் என்கிறார் வாப்பா. அதுவரை, முழங்காலுக்கடியில் துவாயைச் சுருட்டி வைத்து, தினமும் பத்துத் தடவை அழுத்தவேண்டும் என்பது என் சட்டம். நேற்று ஏழோடு எழும்பிவிட்டார்.