வாசல் மாறிய மசோதா

பாகூர் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மா, 2006-ல் கொம்யூன் பஞ்சாயத்து உறுப்பினராக இருந்தவர். ரசத்துக்கு இலையில் குழி பண்ணிக்கொண்டே கேட்டார்: ‘‘ஏன் தம்பி, பஞ்சாயத்துல பொம்பளைங்களுக்கு மூணுல ஒரு பங்குன்னு எப்பவோ கொடுத்துட்டாங்க. டெல்லியில அதே சட்டத்துக்கு மட்டும் ஏன் அத்தனை வருஷம்?’’

பதிலில் பாதி அரசியல். அது உங்களுக்கே தெரியும். மீதிப் பாதி, ‘காலாவதி’ என்கிற ஒற்றை வார்த்தை.

மக்களவை கலைந்தால் எம்.பி.க்கள் மட்டும் வீட்டுக்குப் போவதில்லை. அவர்கள் முடிக்காமல் விட்ட மசோதாக்களும் போய்விடும். அரசியல் சட்டத்தின் 107-வது பிரிவு அப்படி. மக்களவையில் கிடப்பில் இருந்தால் காலி. மக்களவை நிறைவேற்றி, மாநிலங்களவையில் காத்திருந்தாலும் பெரும்பாலும் காலி. அடுத்து வருகிறவர்கள் மறுபடி ‘அ’னாவிலிருந்து ஆரம்பிக்கணும். பழைய சபையின் பாக்கியைப் புதுச் சபையின் தலையில் கட்டக்கூடாது என்பது இதிலுள்ள நியாயம்.

பஞ்சாயத்துச் சட்டத்துக்கு அதிர்ஷ்டம். 1991-ல் வந்த மசோதா, 1992 டிசம்பரில் அதே சபையில் நிறைவேறிவிட்டது. எம்.பி., எம்.எல்.ஏ. பதவிகளுக்கான பெண்கள் மசோதாவின் ஜாதகத்தைப் பாருங்கள். 1996-ல் வந்தது, 1997 டிசம்பரில் சபை கலைந்தது. போச்சு! 1998-ல் மறுபடி, 1999-ல் போச்சு. அதே வருஷம் மூன்றாம் முறை. 2004-ல் அதுவும் போச்சு.

2008-ல் சாமர்த்தியமாக வாசலை மாற்றினார்கள். மாநிலங்களவை கலைவதே கிடையாது. அங்கே பிறந்து, இன்னும் மக்களவையைத் தாண்டாத மசோதாவைக் கலைப்பு தொடாது. அதனால்தான் 2009-ல் சபை கலைந்தபோதும் தப்பித்தது. 2010 மார்ச் 9-ம் தேதி மாநிலங்களவையில் நிறைவேறியது. அங்கேதான் வினை! நிறைவேறியதும் மக்களவைக்குப் போனது. அங்கே நாலு வருஷம் தூங்கியது. 2014-ல் சபையோடு சேர்ந்து செத்தும் போனது.

கடைசியில் 2023 செப்டம்பரில் புது மசோதாவாக வந்து நிறைவேறியது. டிசம்பரில் புதுச்சேரி சட்டசபைக்கும் நீட்டினார்கள். கூடவே ஒரு நிபந்தனை: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை இரண்டும் முடிந்த பிறகுதான் அமல். 2021 தேர்தலில் புதுச்சேரியின் 30 தொகுதிகளில் ஜெயித்த பெண் ஒரே ஒருவர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு வில்லியனூர், பாகூர் கொம்யூன்களே சாட்சி. 1968-க்குப் பிறகு அங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். 38 வருஷம் கழித்து! 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் தேர்தலே இல்லை. சட்டம் காலாவதி ஆகவில்லை, நாற்காலிதான் காலி.

ஆகவே, ‘மசோதா தாக்கல்’ என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் பார்த்தால் உடனே கை தட்டிவிடாதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தச் சபையில்? மக்களவைக்கு இன்னும் எத்தனை நாள் ஆயுசு?