இடது பெடலுக்கு எதிர்மரை

திருகு என்றால் வலப்பக்கம் சுற்றினால் இறுகும்; மோட்டார், கலப்பை, குழாய் எல்லாவற்றிலும் நம் கைக்குப் பழகிய கணக்கு இதுதான். சைக்கிளின் இடது பெடல் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது.

இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் விவசாயி ஒருவர் வீட்டில் ஒரே சைக்கிள். விடிந்ததும் பால் கேனோடு சொசைட்டிக்குப் போகும். எட்டரைக்கு மகள் அதிலேயே பள்ளிக்கூடம் போவாள். பாதி தூரம் லாரி ஓடும் ரோடு. ஒரு மாதமாக இடது பெடல் ஆடியது. அவரும் தினம் ஸ்பேனரை வலப்பக்கம் சுற்றினார். ஆட்டம்தான் கூடியது.

சைக்கிள் கடை வைத்திருந்த சித்தப்பா அதைப் பார்த்துவிட்டார். "டேய், நீ இறுக்கலை, கழட்டிக்கிட்டு இருக்கே. இடது பெடலுக்கு எதிர்மரைடா!"

பெடலைக் கழற்றிப் பார்த்தால் கிராங்க் மரை பாதி தேய்ந்திருந்தது. "இனி இறுக்கினாலும் நிக்காது. பிள்ளை ஏறி மிதிக்கும்போது பிடுங்கிட்டா என்ன செய்வே?" என்றார் சித்தப்பா. அன்றே கிராங்கை மாற்றினார்கள்.

மிதிக்கும்போது பாரம் பெடல் தண்டைச் சுற்றிச் சுற்றி அழுத்தும். இடது பக்கமும் சாதாரண மரையாக இருந்தால், அந்த அழுத்தமே தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிடும். விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்களும் 1900-ம் ஆண்டுவாக்கில் தங்கள் சைக்கிள்களில் இடது பெடலுக்கு எதிர்மரைதான் வைத்தார்கள்.

மாட்டும் முறை எளிது. தண்டின் முனையில் 'ஆர்' என்றிருந்தால் வலது, 'எல்' என்றிருந்தால் இடது. மரையில் மண்ணைத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். முதல் மூன்று நான்கு சுற்றைக் கையாலேயே திருகுங்கள். தடைபட்டால் பலம் காட்டாமல் கழற்றி, நேராக வைத்து மறுபடி தொடங்குங்கள். பிறகு 15-ம் நம்பர் ஸ்பேனர். ஸ்பேனரைத் தண்டில் நிமிர்த்தி மாட்டி, மேல் முனையை முன்சக்கரப் பக்கம் சாய்த்தால் இறுகும். பின்சக்கரப் பக்கம் சாய்த்தால் கழலும். இரண்டு பெடலுக்கும் இதே கணக்கு.

இறுக்கிய பிறகும் ஆடினால் கிராங்கைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். கிராங்கே ஆடினால், கோளாறு பெடலில் இல்லை, காட்டர் பின்னில். புதுப் பெடல் மாட்டி ஒரு வாரம் ஓட்டியதும் இன்னொரு தடவை இறுக்குங்கள். 'கடக்' சத்தம் கேட்ட அன்றே பார்த்தால் ஸ்பேனரோடு வேலை முடிந்துவிடும்.