முதல் போட்டது யாரு?

குற்றால சீசனுக்கு மதுரையில் பஸ் ஏறுறீங்க. ராஜபாளையம், சேத்தூர் தாண்டியதும் வலது பக்கம் மலை கூடவே ஓடி வரும். அடுத்து எங்க ஊர் சிவகிரி. பாதிப் பேர் தூங்கிட்டிருப்பீங்க, தப்பில்லை! முழிச்சிருந்தா மட்டும் மெயின் ரோட்டு கடைகளைக் கொஞ்சம் பாருங்க. போர்டு வெளுத்துப்போய் பெயரே பாதிதான் தெரியும். உள்ளே மூணாவது தலைமுறை உட்கார்ந்து மல்லி நிறுத்துக்கிட்டிருக்கும்.

பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிக்கிற நண்பர்களே... ப்ராஜெக்ட்னு சொன்னதும் எங்கே ஓடுறீங்க? சென்னையில் ஏதோ கம்பெனி, இல்லைன்னா நெட்டில் கிடைக்கிற அமெரிக்க கேஸ் ஸ்டடி. வெளி முதலீட்டாளர் காசு வாங்காமல் வளர்ந்த கதை வேணும்னா, தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையிலேயே ஆபீஸ் போட்டிருக்கு ஜோஹோ. 1996-ல் 'அட்வென்ட்நெட்'டா ஆரம்பிச்ச கம்பெனி அது. ஆனா அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்காங்க. நம்ம தெரு பலசரக்குக் கடையைப் பற்றி எழுத யார் இருக்கா?

எங்க தாத்தாவும் கடைதான் வச்சிருந்தார். 'சொந்தக் கைக்காசில் ஆரம்பிச்ச கடை'ன்னு வீட்டில் எல்லாரும் பெருமையா சொல்வாங்க. ஒருநாள் சும்மா ஆச்சிகிட்ட கேட்டேன், "கடைக்கு முதல் யாரு போட்டா?"

"உங்க தாத்தாதான்" என்றாள். கொஞ்ச நேரம் கழிச்சு, "எங்கழுத்துச் சங்கிலியும், காதுல கெடந்த கம்மலும் அடகுக்குப் போச்சுல்லா... அதை யாரு கணக்குல எழுதுனா?" என்றாள்.

ஆச்சி கோபமா சொல்லலை. புளி கொட்டை எடுத்துக்கிட்டே, ரொம்ப சாதாரணமா சொன்னாள். அந்தப் புளியும் கடைக்குத்தான். அதுக்கும் சம்பளம் கிடையாது!

அன்னைக்குத்தான் பழைய பேரேட்டை எடுத்துப் புரட்டினேன். விருதுநகர் மொத்தக் கடையில் கடனுக்கு எடுத்த சரக்கு, வித்த பிறகு கட்டின பணம், ஊர்க்காரங்க பற்று, ஏலச்சீட்டு தவணை எல்லாம் பைசா சுத்தமா இருக்கு. கம்மல் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. 'சொந்த முதல்'னு நாம சொல்ற வார்த்தைக்குள்ளே எத்தனை பேர் இருக்காங்க பாருங்க! சரக்கைக் கடனா இறக்கின வியாபாரி ஒரு விதத்தில் முதலீட்டாளர். நகை கொடுத்த மனைவி அவரைவிடப் பெரிய முதலீட்டாளர். பங்கு மட்டும் கிடையாது.

இந்தக் கணக்கோடு மற்ற ஊர்களைப் பார்த்தால் கதையே வேற மாதிரி தெரியுது. கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிச்சு. 1940-களில் பொன்னம்பல நாடார் தன் மளிகைக்கடையில் ஆரம்பிச்சதுன்னு ஊரில் சொல்றாங்க. கடலை கரிசக்காட்டில் விளையுது. வெல்லம் வாங்கினா பாகு காய்ச்ச அடுப்பு போதும். பெரிய மெஷினுக்கு முதல் தேவைப்படலை. அதனாலதான் ஊர் முழுக்க சின்னச் சின்னப் பட்டறையா பரவ முடிஞ்சது. கையில் உள்ள காசுதான் தொழிலோட உருவத்தையே முடிவு பண்ணுது. நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடையையும் பாருங்களேன். நூறு வருஷம் தாண்டின கடை. சாயங்காலம் சில மணி நேர வியாபாரம், அல்வாவை நம்பியே கடை. இதுக்கு மேல் பெரிசா ஆகத் தெரியாமல் இல்லை, வேண்டாம்னு இருக்கிறதும் ஒரு முடிவுதானே!

சிவகாசி கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய், மாசக்கணக்கில் தங்கி தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டாங்க. 1923-ல் ஊர் திரும்பி தொழிலை ஆரம்பிச்சாங்க. மெஷினை நம்பித்தான் முதலில் இறங்கினாங்க. கடைசியில் நிலைச்சது கைவேலை. கேட்க சினிமா மாதிரி இருக்கும். ஆனா அந்தத் தொழில் பரவினப்போ, வருஷக்கணக்கில் குச்சி அடுக்கின கைகளில் நிறைய குழந்தைகளோட கைகள். 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், தீப்பெட்டியையும் பட்டாசையும் தடைப் பட்டியலில் வச்சது சும்மா இல்லை. கல்கத்தா பயணத்தை எழுதுறவங்க இதையும் அதே பக்கத்தில் எழுதணும்ங்கிறது என் கட்சி. முதலாளி சொல்ற கதையை அப்படியே டைப் அடிச்சா அது ப்ராஜெக்ட் இல்லை, நோட்டீஸ்!

இன்னொரு விஷயம். நாம கேட்கிறது எல்லாம் ஜெயிச்ச கடையோட கதை. அதே தெருவில் ரெண்டு வருஷத்தில் ஷட்டர் இறக்கினவரும் இருப்பார். அவர்கிட்டேயும் போங்க. எந்த மாசம் சரக்குக்காரருக்குப் பணம் கொடுக்க முடியாமல் போச்சுன்னு அவருக்குத் துல்லியமா ஞாபகம் இருக்கும்.

கொஞ்சம் சீக்கிரம் போங்க. கடை கைமாறினால் முதலில் எடைக்குப் போறது பழைய சிட்டையும் பேரேடும்தான். கிலோ கணக்கில் முப்பது நாற்பது வருஷம் போயிடும்.

போறப்போ சில டிப்ஸ்: சந்தை நாளில் போகாதீங்க, திட்டு விழும். மத்தியானம் மூணு மணிக்கு, ஆள் நடமாட்டம் குறைஞ்ச நேரத்தில் போங்க. ஏதாவது ஒண்ணு வாங்குங்க. 'உங்க சக்சஸ் சீக்ரெட் என்ன சார்?'னு ஆரம்பிக்காதீங்க, அவர் 'எல்லாம் ஆண்டவன் புண்ணியம்'னு முடிச்சுடுவார். முதல் நாள் என்ன வித்தீங்க, யார் கடன் கொடுத்தா, எதை அடகு வச்சீங்க, எப்போ மீட்டீங்கன்னு கேளுங்க.

அப்புறம், அவர் பேசி முடிச்சதும் நோட்டை மூடிடாதீங்க. கடைக்குப் பின்னால் வீடு இருந்தா, 'ஆச்சி இருக்காங்களா?'னு ஒரு வார்த்தை கேளுங்க.