தண்ணீர் வருமா?

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நாம் நிற்கும் அந்தப் பத்து நிமிடங்களில் நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளை எவரேனும் குறித்து வைத்தால், ஒரு புறநகரின் வரலாறே அதற்குள் அடங்கிவிடும். "சாமி, நல்ல குழாய் வேலைக்காரர் யாராவது தெரியுமா?" "மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் பக்கத்தில் எங்கே இருக்கிறார்?" "பிள்ளைக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது. எந்த டாக்டர் கைராசிக்காரர்?" "செப்டிக் டேங்க் லாரி கூப்பிட்டால் வருமா, இரண்டு நாள் இழுத்தடிப்பானா?" குருமடத்தில் மெய்யியல் மூன்றாண்டும் இறையியல் நான்காண்டும் கற்ற நமக்கு இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை சொல்லித் தரப்படவில்லை.

தாம்பரத்திற்கு மேற்கே உள்ள இப்பங்கிற்கு 2018ஆம் ஆண்டு மே மாதம் மாற்றலாகி வந்தோம். நாமும் புதியவர், நம்மிடம் கேட்டவர்களும் புதியவர்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மறைமலைநகரிலும் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வூதியப் பணத்தில் அரை கிரவுண்டு மனை வாங்கிக் குடியேறிய ஆசிரியர்கள், தென்மாவட்டங்களிலிருந்து வந்த இளங்குடும்பத்தினர். நாம் பிறந்த கிராமத்தில் யாரும் யாரிடமும் இப்படிக் கேட்டதாக நினைவில்லை. மருத்துவச்சி வீடு எது, பாம்புக்கடிக்கு மருந்து தருபவர் யார் என்பதெல்லாம் தாய்ப்பாலோடு வந்த அறிவு. இங்கோ அடுத்த வீட்டுக்காரரின் பெயரைக்கூடக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

கேள்விகள் நம்மிடம் வந்தாலும் விடைகள் இருந்த இடம் வேறு. கோவிலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெரியவரிடம் அவை இருந்தன. எந்த வீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், எந்த வீட்டில் ஒரு மாதமாகச் சட்டைகள் வரவில்லை, அதாவது வேலை போயிற்று என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் பரிந்துரைக்கும் முறையை நாம் மிகவும் மதிக்கிறோம். 'நல்ல ஆள்' என்று யாரைப் பற்றியும் அவர் சொல்லமாட்டார். "அந்த மஞ்சள் வீட்டில் மூன்று வருடமாக அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்" என்பார், அவ்வளவே. மற்றதை நாமே ஊகித்துக் கொள்ளலாம். இதற்கு நேர்மாறாகச் சிலர் உண்டு. "நான் அனுப்பினேன் என்று சொல்லுங்கள்" என்று தொடங்குவார்கள். அவர்கள் கொத்தனாரையோ வைத்தியரையோ பரிந்துரைப்பதில்லை. தம்மையே பரிந்துரைத்துக் கொள்கிறார்கள். இன்னும் சிலர் வீடு காட்டுவதற்கு முன் "எந்த ஊர், எந்தப் பக்கம்?" என்று மெல்ல விசாரிப்பார்கள். அவர்கள் அறிய விரும்புவது ஊரை அன்று என்பது நம் நாட்டில் பிறந்த எவருக்கும் விளங்கும். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இங்கு வேண்டாம்.

அன்பியக் கூட்டங்கள் ஆரம்பத்தில் நமக்குச் சலிப்பூட்டின என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இறைவார்த்தைப் பகிர்வு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தேநீர் வந்ததும் குரல்கள் உயரும். ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டதா, எந்த மாவு மில்லில் மிளகாய்த் தூளைக் கலப்பில்லாமல் அரைத்துத் தருகிறார்கள், எந்தப் பள்ளியில் இன்னும் இடம் இருக்கிறது என்பவை முக்கால் மணி நேரம் ஓடும். 'செபத்திற்காகக் கூடுகிறார்களா, சந்தைக்காகவா?' என்று நாம் முணுமுணுத்ததும் உண்டு.

அந்த எண்ணத்தை மாற்றியது 2019ஆம் ஆண்டின் கோடை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, சூலை மாதம் 12ஆம் நாள் சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஆண்டு அது. எம் பகுதியில் கிணறும் ஆழ்துளைக் கிணறும்தான் கதி. அவை கைவிட்டால் லாரி. முன்பணம் கட்டினாலும் லாரி வரும் நாளை ஒருவரும் உறுதியாகச் சொல்லமாட்டார். அத்தகைய ஓர் அன்பியக் கூட்டத்தில், பகிர்வெல்லாம் முடிந்தபின், ஓர் இளம்பெண் தலைகுனிந்தவாறே, "குடிக்க இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குழந்தைத் துணி அலசவாவது யார் வீட்டிலாவது தண்ணீர் இருக்குமா?" என்று கேட்டாள். கோவிலுக்குத் தெற்கே பள்ளத்தில் இறங்கும் தெருவின் கடைசி வீட்டில் கணவரை இழந்த ஓர் அம்மா தனியே இருக்கிறார். நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். "அவர்கள் கிணறு வற்றவே வற்றாது" என்றார் ஒருவர். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அந்த அம்மா வெளிக்கதவைத் திறந்து வைத்தார். வீட்டுக்கு நான்கு குடம் என்று கணக்கு வைத்து, இரண்டு மாதம் அந்த உறைகிணற்றுத் தண்ணீரில் மூன்று தெருக்கள் பிழைத்தன. பங்கு இல்லத்துச் சமையலும் அத்தண்ணீரில்தான் நடந்தது.

அத்தெருக் கிணறுகள் ஏன் வற்றுவதில்லை என்று அப்போது நாம் கேட்டிருக்க வேண்டும்.

செங்கற்பட்டுச் சீமையை ஏரிகளின் நாடு என்று சொல்வது வழக்கம். ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியே வழிந்து கால்வாயில் ஓடி அடுத்த ஏரியை நிரப்பும், அது நிரம்பினால் அதற்கடுத்தது, கடைசியில் ஆறு. இந்தச் சங்கிலியின் கண்ணிகளில் சில இன்று ஊர்ப்பெயர்களில் மட்டும் எஞ்சியுள்ளன. 'தாங்கல்' என்றும் 'ஏரி' என்றும் முடியும் தெருப்பெயரைக் கண்டால், அங்கே நிற்கும் வீட்டுக்கு முன்பு நின்றது எது என்று தெரிந்துகொள்ளலாம். மண்ணுக்கு மறதி இல்லை. ஏரியாய் இருந்த பள்ளத்தில் கோடையிலும் பத்தடியில் நீர் ஊறும். ஐப்பசி கார்த்திகையிலோ வானத்து நீரும் கால்வாய் நீரும் பழைய முகவரியைத் தேடி அங்கேதான் வந்து சேரும்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று பெய்த பெருமழையில், மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. 'செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள், அதனால் மூழ்கினோம்' என்று இப்பகுதியிலும் பலர் சொல்வார்கள். அது முற்றிலும் சரியன்று. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் கலக்கிறது. அதற்கு மேற்புறத்தில் உள்ள முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளுக்கு வந்த வெள்ளம் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த வெள்ளம். எவ்வழியே வருகிறதென்று தெரிந்தாலன்றோ எங்கே தடுப்பது என்று பேச முடியும்?

நாம் இப்பங்கிற்கு வந்த முதல் வாரமே, திருமுழுக்குப் பதிவேடுகள் யாவும் அலமாரியின் உச்சித் தட்டில் ஏணி வைத்து எடுக்கும் உயரத்தில் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டோம். கோவில் பிள்ளை பதில் பேசாமல் அலமாரியைச் சற்று நகர்த்திக் காட்டினார். பின்சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை, கோடு போட்டாற்போல் ஓடியது. கோவில் நிற்பது மேட்டில். மேட்டிலேயே முழங்கால் என்றால், தெற்குத் தெருவில் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்கிடப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

இனி நாம் சொல்ல வந்ததைச் சொல்கிறோம். 2021ஆம் ஆண்டு மே மாதம் ஓர் இளந்தம்பதியர் நம்மைத் தேடி வந்தனர். திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். கணவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் முறைவேலை, மனைவி செவிலியர். தெற்குத் தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது, பார்த்துவிட்டோம், பிடித்திருக்கிறது என்றனர். விற்பவர் நம் பங்குப் பேரவையில் நெடுநாள் உழைத்தவர். கெபி கட்டியபோது வெயிலில் நின்று செங்கல் இறக்கியவர். மகளின் திருமணத்திற்காக விற்கிறார். அந்தப் பெண் கேட்டாள்: "சாமி, அந்தத் தெருவுல தண்ணி வருமா?"

நம் புறநகரில் இக்கேள்விக்கு இரண்டு பொருள் உண்டு. சித்திரையில் கேட்டால் ஒன்று, கார்த்திகையில் கேட்டால் வேறொன்று. மே மாதத்து வெயிலில் நாம் எளிதாக முதற்பொருளை எடுத்துக்கொண்டோம். "நன்றாக வரும், அம்மா. 2019இல் ஊரே வறண்டபோதுகூட அத்தெருக் கிணறுகள் வற்றவில்லை" என்றோம். பொய் ஒன்றும் இல்லை. அவர்கள் முகம் மலர்ந்து எழுந்து சென்றார்கள்.

வேறு பொருள் நமக்கு அப்போது தோன்றவே இல்லை என்று எழுதிவிட்டால் இக்கட்டுரையை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் கதவைத் தாண்டும்போது அலமாரிக்குப் பின்னால் உள்ள கறை நம் நினைவுக்கு வந்தது. கூப்பிட்டிருக்கலாம். திருமணத்திற்கு நாள் குறித்த ஒருவரின் வீட்டு விலையில் நாம் ஏன் கை வைக்க வேண்டும், தெருவில் விசாரிக்காமலா வாங்கப் போகிறார்கள் என்று எண்ணினோம். தெருவில் அவர்கள் விசாரித்துத்தான் இருக்கிறார்கள். தெருவும் நம்மைப் போலவே பதில் சொல்லியிருக்கிறது. 'தண்ணீர் வரும் தெரு' என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால் எல்லார் வீட்டு விலையும் இறங்கும் அல்லவா?

2023ஆம் ஆண்டு டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. மின்சாரம் இல்லை. கணவர் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். அந்தப் பெண் இரண்டு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பளவு நீரில் எதிர்வீட்டு மாடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். நீர் வடிந்த பின், அவளுடைய செவிலியர் படிப்புச் சான்றிதழ்களை நம் இல்லத்துத் தாழ்வாரத்தில் ஒவ்வொன்றாகப் பரப்பி, மேலே கூழாங்கற்களை வைத்துக் காயவைத்தோம். பதிவுச் சான்றிதழில் முத்திரையின் ஊதா மை பரவி, பெயரின் பாதியை மூடியிருந்தது. நாம் ஏதோ சொல்ல வாயெடுத்தோம். அவள் முந்திக்கொண்டாள்: "நீங்க சொன்னது சரிதான் சாமி. தண்ணி நல்லாத்தான் வந்துச்சு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் கோபித்திருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும்.

வீட்டை விற்றவரிடமும் பேசினோம். "யாராவது நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், சாமி" என்றார். அவர் பொய் சொல்பவர் அல்லர். நாமும் அல்லோம்.

பொங்கலுக்கு முன் வெள்ளையடித்தபோது, பங்கு இல்லத்தின் வெளிச்சுவரில் தெருவைப் பார்த்தாற்போல் இரண்டு நீலக்கோடுகள் போடச் செய்தோம். மேலே '2015 டிசம்பர் 2'. அதற்கு ஒரு சாண் கீழே '2023 டிசம்பர் 4'. அவற்றின் கீழ், தெற்குத் தெரு இதைவிட இரண்டரை அடி தாழ்வு என்று, அளந்து எழுதினோம். இரண்டு நாளில் பேரவையினர் சிலர் வந்தனர். "கோவில் சுவரிலேயே எழுதிவிட்டால் இனி யார் வாங்குவார்கள்?" என்றார்கள். அவர்களுக்கு விடை சொல்ல நமக்கு முடிந்தது. மூன்றாம் நாள் வந்தவருக்குத்தான் சொல்ல முடியவில்லை. கடைசி வீட்டு அம்மா வந்திருந்தார். முழங்கால் வலி, தனியே இருக்க முடியவில்லை, வீட்டை விற்றுவிட்டு மகளோடு மதுரைக்குப் போக நினைத்திருந்தாராம். கோட்டைச் சற்று நேரம் பார்த்தார். "எல்லாரும் என் கிணற்றுத் தண்ணியைக் குடிச்சவங்கதானே, சாமி" என்றார். அழிக்கச் சொல்லவில்லை. அழிக்கட்டுமா என்று நாமும் கேட்கவில்லை.

கோடு இருக்கிறது. அம்மாவும் இன்னும் அவ்வீட்டில்தான் இருக்கிறார்.

இவ்வாண்டு சித்திரையில் ஒருவர் வந்தார். ஓய்வு பெற்ற இரயில்வே ஊழியர். அம்மாவின் வீட்டைப் பார்த்துவிட்டு நேராக நம்மிடம் வந்திருந்தார். "அங்கே தண்ணீர் வருமா, சாமி?" என்று கேட்டார்.

"எந்தத் தண்ணீரைக் கேட்கிறீர்கள்?" என்றோம்.

அவர் சற்று விழித்தார். அழைத்துக்கொண்டு போய்க் கோடுகளைக் காட்டினோம். பிறகு தெற்குத் தெருவில் இறங்கி, அம்மாவின் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கச் செய்தோம். எட்டடியில் தெளிந்த நீர், வானம் தெரிந்தது. இரண்டு இளைஞர்களையும் எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, அன்று எதுவரை வந்தது என்று கையால் காட்டச் சொன்னோம். ஒருவர் தயங்கினார்; ஆனாலும் காட்டினார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் நெடுநேரம் பேசவில்லை. வீட்டின் அடித்தளத்தைச் சாணால் அளந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். கிணற்றை மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

திரும்பும் வழியில் கேட்டார்: "சுவருக்கு அடியில் ஜாக்கி வைத்து வீட்டையே நாலைந்து அடி தூக்கிக் கொடுக்கிறார்களாமே, சாமி. அந்த வேலை செய்கிற நல்ல ஆள் யாரையாவது தெரியுமா?"

நமக்குத் தெரியவில்லை. வேப்பமரத்தடிக்கு அனுப்பி வைத்தோம்.