ஓட்டைக் காலணா

அமெரிக்காவில் மூடிப்போன கிராமப் பள்ளிக்கூட மைதானங்களில் மெட்டல் டிடெக்டரை ஆட்டிக்கொண்டு நடக்கிற ஆசாமிகளின் வீடியோக்களைத்தான் இப்போதெல்லாம் ராத்திரியில் பார்க்கிறேன். வீட்டில் சொல்லிக்கொள்வதில்லை. நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கி, கருவி கத்திய இடத்தில் புல்லைக் கதவுபோல வெட்டித் திறந்து, தோண்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அகப்படுவது பெரும்பாலும் கூல்டிரிங்ஸ் டப்பாவிலிருந்து பிய்த்தெறிந்த அலுமினிய வளையம். தங்க மோதிரமும் அதுவும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே சுருதி. வளையம் வேண்டாமென்று ஒதுக்கினால் மோதிரமும் போச்சு.

ஒருபக்கம் லிங்கன் தலை, மறுபக்கம் கோதுமைக் கதிர் போட்ட செம்புச் சென்ட் கிடைத்தால் ஆசாமி குதிக்கிறார். 1909 முதல் 1958 வரை அடித்தது. அதில் 1943 மட்டும் துருவாக வருகிறது. யுத்தத்துக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த வருஷம் எஃகில் துத்தநாகம் பூசி அடித்துவிட்டார்கள்.

அதே 1943-இல்தான் நம் காலணாவின் நடுவிலும் ஓட்டை விழுந்தது. காரணம் அதே செம்புதான். ஓட்டைக்கு இடம் விட்டதில் ராஜாவின் தலை போய், கிரீடம் மட்டும் மிஞ்சியது.

எங்கள் பாட்டிக்கு யுத்தக் கணக்கெல்லாம் தெரியாது. பிள்ளைகள் காசைத் தொலைத்து அடிவாங்குகிறதே என்று இரக்கப்பட்டு, கயிற்றில் கோக்கத் தோதாகச் சர்க்காரே ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கிறது என்பது அவள் தீர்மானம். அப்பாவின் அரைஞாணில் காலணாவைக் கோத்து முடிந்துதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள். கமர்கட்டுக்காரி எதிரே அப்பா டவுசரை இறக்கி முடிச்சோடு மல்லுக்கட்டும்போது பின்னால் நிற்கிற பையன்கள் சிரிப்பார்களாம். ஒருநாள் மானம் பொறுக்காமல் வழியிலேயே அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். நடுவில் ஒரு பம்பர ஆட்டம். காசு புழுதியோடு போயிற்று. "கயிறு அறுந்துபோச்சும்மா" என்று சாதித்துவிட்டார். மறுவாரம் பாட்டி அரைஞாண் விற்பவனைத் தெருவில் நிறுத்தி அவன் பரம்பரையையே வைதாள். அப்பா கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அந்தப் பள்ளிக்கூடமும் இப்போது இல்லை. பிள்ளைகளை வேன் அள்ளிக்கொண்டு டவுனுக்குப் போகிறது. நான் கருவியோடு அங்கே போனால் முதலில் கத்துவது பம்பர ஆணியாகத்தான் இருக்கும். அப்புறம் சோடா மூடி, குடைக்கம்பி, பேனா நிப்பு.

ஆனால் 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ரூபாய்க்கு 64 காலணா. அந்தக் கணக்கில் 640 காசு வரை நிம்மதியாகத் தோண்டலாமே என்றுதான் நினைத்தேன். பழங்காசுக் கடைக்காரரோ ஒற்றை ஓட்டைக் காலணாவுக்கு ஐம்பது ரூபாய் சொல்கிறார். அப்படியானால் அப்பாவின் காசு ஒன்று அகப்பட்டாலே மனு, விசாரணை எல்லாம் உண்டு. பாத்தியதை உள்ளவர்கள் வரலாம் என்று கலெக்டர் அறிவிப்பும் போடுவார். அரைஞாண்காரனின் பேரன் வந்து நின்றால் நான் என்ன சொல்வது?